அமெரிக்காவின் ஷெனண்டோவா ஆற்றில் வறட்சி: பாப்பர் (‘தொப்’பென விழும் மிதவைத் தூண்டில் இரை) விழுந்ததும் பாஸ் மீன் சிதறுகிறதா?

பாப்பரை எடுத்துவிட்டு 8-ஆம் சைஸ் கொக்கியில் செய்த ஃபோம் ஈ (செயற்கை ஈ) கட்டுங்கள். லைன் நுனிக்கும் ஈக்கும் இடையே கட்டும் மெல்லிய நரம்பான லீடரை 9 அடியிலிருந்து 12 அடியாக்குங்கள். முழங்கால் ஆழத் தெளிந்த நீரில் ஸ்மால்மவுத் பாஸ் மிரள்வது பெரும்பாலும் லைன் (தடித்த தூண்டில் கயிறு) அதன் தலைக்கு மேல் விழுவதால்தான். பாப்பரின் ‘தொப்’ சத்தம் அடுத்த காரணம்.

எது என்று பார்க்க, ஈக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டி வீசுங்கள். அப்போதும் ஓடினால் லைன்தான்: மடுவின் கீழ்முனையில் குனிந்து நின்று, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் சாய்வாக வீசுங்கள். ஈ விழுந்ததும் இழுக்காதீர்கள், நீர்வளையம் அடங்கட்டும். கடி பெரும்பாலும் அப்போதுதான்.

விடியலில் மட்டும் போங்கள், தெர்மாமீட்டரோடு. தண்ணீர் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு; போராடிக் களைத்த மீன், விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.