கண்ணாடி பிடித்திருக்கிறது, பங்கை வாங்கலாமா?

கேள்வி: நண்பரின் ஸ்மார்ட் கண்ணாடியைப் போட்டுப் பார்த்ததிலிருந்து, செல்போனுக்கு அடுத்தது இதுதான் என்று தோன்றுகிறது. என்னிடம் 4 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனப் பங்குகளில் மொத்தமாகப் போடலாமா?

பதில்: உங்கள் கணிப்பு பலிக்கக்கூடும். பலித்தாலும் பணம் போகலாம் என்பதுதான் சிக்கல்.

ஃபிட்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடந்த அடிகளை எண்ணும் அந்தப் பட்டையைச் செய்த நிறுவனம் 2015 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 20 டாலர். இரண்டே மாதத்தில் 50 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு 2.14 கோடி கருவிகளும், அடுத்த ஆண்டு 2.23 கோடி கருவிகளும் விற்றன. விற்பனை கூடியும் 2016 முடிவில் பங்கு 8 டாலருக்குக் கீழே கிடந்தது. 2019இல் கூகுள் வாங்க முன்வந்தபோது கொடுத்த விலை 7.35 டாலர்.

கருவியில் பழுதில்லை. மேலிருந்து ஆப்பிள் வாட்ச் அழுத்தியது, கீழிருந்து ஷாவ்மியின் மலிவுப் பட்டை அழுத்தியது. அதைவிட முக்கியம், வாங்கியவர் மறுபடி வாங்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். சார்ஜர் தொலைந்துபோன ஏதோ ஒரு பட்டை கிடக்கும். அதைச் செய்த நிறுவனத்துக்கு உங்களிடமிருந்து வந்த கடைசி வருமானம் அதுதான்.

எனவே காலாண்டு முடிவு வரும்போது விற்பனைத் தொகையோடு நிறுத்தாமல், ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) கையிருப்புச் சரக்கு என்ற வரியையும் பாருங்கள். விற்பனை 10 சதவீதமும் சரக்கு 40 சதவீதமும் கூடியிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். புது மாடலுக்காகச் சேர்த்த சரக்காக இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த காலாண்டில் தள்ளுபடி, அதன் பின்னால் லாபச் சரிவு.

காரில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவிகளை விற்றுவந்த கார்மின் இதில் தப்பித்த கதை. 2009 அக்டோபரில் கூகுள் கைபேசியிலேயே இலவசமாக வழிகாட்டும் வசதியை அறிவித்த அன்றே அதன் பங்கு சுமார் 16 சதவீதம் விழுந்தது. ஆனால் விமானிகளுக்கும் படகோட்டிகளுக்கும் கருவி செய்யும் பிரிவுகள் கையில் இருந்தன. பிறகு ஓட்டப் பயிற்சிக் கடிகாரங்களும் கைகொடுத்தன.

கருவியை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் சில்லையும் காப்புரிமையையும் விற்பவர்களைப் பிடிக்கலாமே என்பீர்கள். நல்ல யோசனைதான். கைபேசிச் சில்லு நிறுவனமான குவால்காம் தன் கைபேசித் தயாரிப்பை ஜப்பானின் கியோசெராவிடம் தள்ளிவிட்டு அந்தப் பாதையில்தான் போனது. யார் போன் விற்றாலும் அதற்குக் காப்புரிமைத் தொகை வந்தது. ஆனால் 1999இல் மட்டும் 2,600 சதவீதத்துக்கு மேல் ஏறிய அந்தப் பங்கை 2000 ஜனவரி உச்சத்தில் வாங்கியவர், 2002 நடுவில் போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் நின்றார். சரியான நிறுவனம், விலைதான் தவறு.

இனி உங்கள் கண்ணாடிக்கு வருவோம். அதற்காக ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் பங்கை வாங்கினால் நீங்கள் வாங்குவது ஒரு விளம்பர நிறுவனம். கண்ணாடியையும் மெய்நிகர் கருவிகளையும் கவனிக்கும் அதன் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024இல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நட்டம் காட்டியது. விளம்பர லாபம்தான் அந்தச் செலவைத் தாங்குகிறது. அந்த விளம்பரத் தொழில் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், கண்ணாடியை இலவச இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

4 லட்சத்தையும் போடாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் விட்டுவிடுங்கள். மீதியில் பெரும்பகுதி பரவலான குறியீட்டு நிதிக்கு (இண்டெக்ஸ் ஃபண்ட்) போகட்டும். அதிகபட்சம் 40,000 ரூபாயை உங்கள் கணிப்புக்கு ஒதுக்கி, அதையும் நான்கு காலாண்டு முடிவுகளைப் படித்தபடி நான்கு தவணைகளாகப் போடுங்கள். நேரடியாக அமெரிக்கப் பங்கு வாங்கினால், ஒரே ஒரு பங்கானாலும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். அதில் கேட்கப்படுவது நிதியாண்டுக் கணக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. பலர் இடறுவது அங்கேதான்.