பழைய தேக்குக் கதவு இருக்கிறது. இன்டீரியருக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் சொந்த ஃபிளாட். மாதச் சம்பளம் கைக்கு 85,000 ரூபாய். வீட்டுக்கடன் இஎம்ஐ 24,000 உட்பட மாதச் செலவு 58,000. வங்கியில் 5 லட்சத்துக்கு எஃப்டி. மகள் 11-ஆம் வகுப்பு. தேவகோட்டையில் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது எங்கள் பங்காக நிலையோடு இரண்டு ஜோடி தேக்குக் கதவுகளும், நான்கு தூண்களும், சில ஜன்னல் சட்டங்களும் வந்தன. இவற்றை வைத்துப் பழமையும் வசதியும் சேர்ந்த மாதிரி வீட்டை அமைக்க ஆசை. இன்டீரியர் நிறுவனத்தின் கொட்டேஷன் 9.4 லட்சம்: கிச்சன் 3.6, இரண்டு வார்ட்ரோப் 2.8, பூஜை அலமாரி 0.9, டிவி யூனிட் 0.8, ஃபால்ஸ் சீலிங் 1.3. 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்து, மீதிக்கு எஃப்டியை உடைக்கலாமா? வீட்டுக்கடனில் டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் கடன்) தருவதாகவும் வங்கி சொல்கிறது.

பதில்: முதலில் அந்தக் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஜிஎஸ்டி தனி’ என்று இருக்கும். 18 சதவீதம் சேர்த்தால் 9.4 லட்சம் சுமார் 11.1 லட்சமாகிவிடும். அப்படியானால் உங்கள் கணக்கில் 1.7 லட்சம் இப்போதே துண்டு விழுகிறது.

அடுத்து கடன். 6 லட்சத்தை 14 சதவீத வட்டியில், 5 ஆண்டுக்குப் பர்சனல் லோனாக எடுத்தால் இஎம்ஐ 13,961. மொத்த வட்டி ஏறக்குறைய 2.38 லட்சம். டாப்-அப் 9 சதவீதத்தில் கிடைத்தால் அதே 5 ஆண்டுக்கு இஎம்ஐ 12,455, வட்டி 1.47 லட்சம். டாப்-அப்தான் மலிவு என்று உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வங்கிகள் அதை வீட்டுக்கடனின் மீதிக் காலத்தோடு ஒட்டித்தான் தரப் பார்க்கும். 15 ஆண்டு என்றால் இஎம்ஐ 6,086 ரூபாய்தான், ஆனால் வட்டி 4.95 லட்சம். 14 சதவீதப் பர்சனல் லோனைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! டாப்-அப் எடுங்கள், 5 ஆண்டில் முடியும்படி தனிக் கணக்காக. அதற்கு வங்கி இறங்கி வராவிட்டால் வேறு வங்கியில் கேட்கலாம்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பழைய வரி முறையில்கூட, குடியிருக்கும் வீட்டின் பழுது, புதுப்பிப்புக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. அதுவும் வீட்டுக்கடன் வட்டிக்கான 2 லட்ச வரம்புக்குள்ளேயே அடங்கும். புதிய முறையில் அதுவும் இல்லை.

இனி மரம். பழைய மரம் கையில் இருப்பதால் செலவு குறையும் என்று நினைக்கிறீர்கள். எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது உண்மை. ஒரு கதவுப் பலகை இரண்டு அடி அகலம், ஆறு அடி உயரம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் ஒன்றரை கன அடி. எடை கிட்டத்தட்ட 28 கிலோ. மாடுலர் அலமாரியில் போடும் 35 மி.மீ. கப் ஹிஞ்ச் (கதவில் குழி எடுத்துப் பதிக்கும் கீல்) 18, 19 மி.மீ. பலகைக்கானது. அதில் இந்தக் கதவை மாட்டினால் முதலில் தொங்கும், பிறகு பிளைவுட்டிலிருந்து ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வரும். பழைய கதவு குடுமியில், அதாவது பலகையின் மேலும் கீழும் நீளும் முளையில், சுழலும். எடை நிலையின் கீழ்ச்சட்டம் வழியாகத் தரைக்குப் போகும். ஆகவே நிலையைக் கழற்றாமல் அப்படியே சுவரில் போல்ட் போட்டு நிறுத்தி, அதற்குப் பின்னால் பிளைவுட் பெட்டியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். குடுமி தேய்ந்திருந்தால் பலகைக்கு மூன்று 4 அங்குலப் பித்தளைக் கீல்கள். சாஃப்ட் குளோஸ் வராது, காந்தப் பிடிப்பு போதும். உள்ளே 24 அங்குல ஆழம் வேண்டும். பழைய சுவர் அலமாரி அளவில் செய்தால் ஹேங்கர் குறுக்கே நிற்காது.

ஒரு ஜோடியை பூஜை அலமாரிக்கும், இன்னொன்றை இரண்டாம் படுக்கையறை வார்ட்ரோப்புக்கும் ஒதுக்குங்கள். ஜன்னல் சட்டங்களிலிருந்து ஓரச் சட்டமும் பீடிங்கும் எடுக்கலாம். அறுப்பதற்கு முன் காந்தம் வைத்துத் தடவி ஒவ்வொரு ஆணியையும் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் ரம்பப் பல் போய்விடும் என்று மில்லில் வாங்கவே மாட்டார்கள். ஆணித் துளை, வெடிப்பு, உளுத்த வெளிமரம் எல்லாம் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு வீணாகலாம். அறுவைக் கூலியோ முழு அளவுக்குத்தான். வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே உங்கள் சொத்து. அந்தப் பலகையை பிளைவுட் மேல் முழுக்கப் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். ஏசி அறையில் மரம் சுருங்கும், பசை விடாது, நடுவில் வெடிக்கும். சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) தளர்வாக உட்கார வேண்டும்.

தூண்களை மட்டும் அறுக்கவே வேண்டாம். செதுக்கிய தூணுக்குத் தூணாக இருக்கும்வரைதான் விலை. அறுத்தால் வெறும் கட்டை. ஃபிளாட்டில் நான்குக்கு இடமிருக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. மூன்று கடையில் விலை கேட்டு இரண்டை விற்கலாம். பங்குப் பிரிவினை வாய்மொழியாக நடந்திருந்தால், அதற்கு முன் பங்காளிகளிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிச்சனில் பழைய மரம் வேண்டாம். சிங்க் அடியில் ஐஎஸ் 710 முத்திரை கொண்ட மரைன் பிளைவுட், மற்ற இடத்தில் ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் ரகம்). ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்க வேண்டாம். மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒரு கசிவில் ஊதிவிடும். 10 அடி நீளக் கீழ் அலமாரிக்கு 8×4 பலகை நான்கு, ஐந்து போதும். எட்டு போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். முகப்புச் சதுர அடிக்கு விலை சொல்லியிருந்தால் டிராயர், கூடை, டாண்டம் சேனல் (டிராயர் ஓடும் தடம்) எல்லாம் அதில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொகை எகிறுவது அங்கேதான்.

இப்போது செய்ய வேண்டியவை கிச்சன், ஒரு வார்ட்ரோப், பூஜை. முதலிரண்டும் 5 லட்சம், வரியோடு 5.9. பூஜை அலமாரியை நிறுவனத்திடம் கொடுக்காமல் பழைய வேலை தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். மரம் உங்களுடையது என்பதால் 60,000 ஒதுக்கினால் போதும். ஆக 6.5 லட்சம். எஃப்டியில் ஆறு மாதச் செலவு 3.5 லட்சத்தைத் தொடாமல் 1.5 லட்சம் எடுங்கள். டாப்-அப் 5 லட்சம், 5 ஆண்டு, இஎம்ஐ 10,379. இரண்டு இஎம்ஐயும் சேர்ந்து சம்பளத்தில் 40 சதவீதத்தை ஒட்டி வரும். இதற்குமேல் ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம், ஏனென்றால் மாதம் மிஞ்சும் 16,600 ரூபாய் மகளின் கல்லூரிக்கு வேண்டியது. இரண்டாம் வார்ட்ரோப் தூண் விற்ற பணத்தில் வரட்டும். ஃபால்ஸ் சீலிங்கை மறந்துவிடலாம். வீட்டை விற்கும்போது அதற்கென்று யாரும் கூடுதல் விலை தருவதில்லை.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் 10 சதவீதம், பிளைவுட் வந்து இறங்கி முத்திரையைப் பார்த்ததும் 40, பெட்டிகள் பொருத்தியதும் 40 என்று பேசுங்கள். கடைசி 10 சதவீதத்தை, சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டு அடியில் ஈரம் இல்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகு கொடுங்கள்.