மாமாவிடம் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கருப்பாயி என்று ஒரு பூனை இருந்தது. 16 வயது. என் அத்தை, அதாவது மாமியார், பூ வாங்கப் போன இடத்தில் உள்ளங்கை அளவுக் குட்டியாகக் கிடந்ததைப் பூக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். அத்தை இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு கருப்பாயி மாமாவின் பூனையாகிவிட்டது. மாமாவுக்கு 81 வயது. கரிமேட்டு மார்க்கெட்டிலிருந்து மீன் வந்தால் முள் நீக்கிய முதல் துண்டு அதற்குத்தான்.

ஆடி மாதத்திலிருந்து இளைக்கத் தொடங்கியது. எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே கிடந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார். சில வாரங்கள் தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். கடைசியில் வாயெல்லாம் புண். தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது மாமா திண்டுக்கல்லில் என் நாத்தனார் வீட்டில் இருந்தார். நானும் கணவரும் முடிவு செய்து போட்டுவிட்டோம். அதன் தலை என் உள்ளங்கையில்தான் இருந்தது. வாடிப்பட்டியில் என் அண்ணன் தோப்பில் புதைத்தோம்.

மாமா திரும்பி வந்ததும், “வெளியே போனது, வரவில்லை” என்று சொல்லிவிட்டேன். வயதான பூனை வீட்டில் சாகாது, எங்காவது போய்விடும் என்று எல்லோரும் சொல்வதுதானே. அவரும் நம்பிவிட்டார். ஆனால் தினமும் இருட்டும் நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில், பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகையில், சாக்கடைப் பாலத்துக்குக் கீழே என்று தேடுகிறார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் எழுந்து உள்ளே போய்விடுகிறான். அவனுக்கு எல்லாம் தெரியும். தாத்தாவிடம் சொல்லாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பூனையைக் கொன்றால் பொன்னால் பூனை செய்து கொடுத்தாலும் பாவம் தீராது என்கிறார் என் பெரியம்மா. கொஞ்ச நாளில் மாமா மறந்துவிடுவார், ஒரு குட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். நான் செய்தது சரியா? மாமாவிடம் சொல்வதா, இப்படியே விடுவதா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லிவிடுங்கள். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஆனால், செய்தது சரியா என்ற கேள்வி உங்கள் நெஞ்சில் கிடக்கும்வரை அவர் முன்னால் உட்கார்ந்து பேச உங்களுக்கு வாய் வராது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கருப்பாயிக்குச் செய்தது சரி. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வீட்டுப்பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. கிடைக்கும் கொஞ்ச நீரைக் கொண்டே காலம் தள்ளிய இனம். அதற்கேற்ப சிறுநீரை மிகவும் கெட்டியாக்கி வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு வாய்த்திருக்கிறது. முதுமையில் பல பூனைகளுக்குத் தளர்ந்துபோவதும் அதே சிறுநீரகம்தான். அழிந்த பகுதி மறுபடி வளர்வதில்லை. மிஞ்சிய பகுதி அதன் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால் வெகுகாலம் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறியிருப்பதைப் பரிசோதனை காட்டும்போது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வேலைத்திறன் போயிருக்கும். கருப்பாயி கிண்ணத்தை விட்டு நகராமல் கிடந்ததும் இதனால்தான். சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியே போகும். போனதை ஈடுகட்டக் குடித்துக்கொண்டே இருக்கும். சலைன் சில நல்ல வாரங்களைக் கொடுக்கும். போன சிறுநீரகத்தைத் திருப்பித் தராது.

தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குத் தாகம் இல்லாமல் இல்லை. கழிவு ரத்தத்தில் தேங்கத் தேங்கக் குமட்டல் வரும். வாயும் நாக்கும் புண்ணாகும். குடிக்க வேண்டும் என்றிருக்கும், நாக்கை நீட்ட முடியாது. ஊசி போடாமல் விட்டிருந்தால் இன்னும் சில நாட்கள் அப்படியே கிடந்து, வலிப்பு வந்து, நினைவு தப்பி, அதே முடிவுக்குத்தான் வந்திருக்கும். (வீட்டில் வயதான பூனை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்றால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.)

பெரியம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் சொல்லும் பாவம், கல்லெறிந்தும் சாக்கில் கட்டியும் பூனையைக் கொல்கிறவனைத் தடுக்கப் பெரியவர்கள் சொல்லிவைத்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வகையில் அது நல்ல பேச்சுதான். வாரக்கணக்கில் சலைன் ஏற்றிப் பார்த்த உங்களை அந்த வரிசையில் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை.

இனி மாமா.

நோயுற்ற பூனை ஒளிந்துகொள்ளும் என்பது உண்மை. பூனை வேட்டையாடும் பிராணிதான், ஆனால் தன்னைவிடப் பெரியதற்கு இரையாகவும் கூடிய சிறிய உடம்பு. தளர்ச்சியை வெளிக்காட்டுவது ஆபத்து என்பது அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது. நோவு தாங்காதபோது இருட்டும் இடுக்குமான ஓர் இடம் பார்த்து ஒதுங்கும். ஒதுங்கிய இடத்திலேயே உயிர் போய்விட்டால், சாவதற்காக வீட்டை விட்டுப் போனது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இத்தனை வருடம் அதோடு பழகிய மாமாவுக்கு இது தெரியாதா? அவர் தேடும் இடங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாடிப்படிக்கு அடி, விறகுக் கொட்டகை, பாலத்துக்குக் கீழே. ஊர் சுற்றப் போன பூனையை யாரும் அங்கெல்லாம் தேட மாட்டார்கள். எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் பூனையைத்தான் தேடுவார்கள்.

அவர் கண்முன் தினமும் என்ன ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். கருப்பாயி எங்கோ பசியோடு, வாய்ப் புண்ணோடு, தெருநாய்களுக்குப் பயந்து கிடக்கிறது. அவர் குரல் அதற்குக் கேட்கிறது. பதிலுக்குக் கத்தத் திராணியில்லை. 81 வயதில் ஒரு மனிதர் டார்ச்சோடு குனிந்து பாலத்துக்கு அடியில் பார்க்கிறார் என்றால் இந்த நினைப்புதான் அவரைக் குனியவைக்கிறது. அது உங்கள் உள்ளங்கையில் தலை வைத்தபடி போனது என்பது அவருக்குத் தெரியாது. அவர் கற்பனை செய்துகொண்டிருப்பதைவிட நடந்தது எவ்வளவோ மேல். வருத்தம் வேண்டாமே என்று நீங்கள் மறைத்தீர்கள். ஆனால் மறைத்ததில் அவருக்கு வந்து சேர்ந்தது பெரிய வருத்தம்.

மறந்துவிடுவார் என்கிறார் உங்கள் கணவர். இறந்ததை மனம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளும். காணாமல் போனதை ஏற்றுக்கொள்ள அதற்கு வழியே இல்லை. அதிலும் இது அவர் மனைவி பூக்கூடையில் கொண்டுவந்த பூனை.

நான் அலங்காநல்லூர்ப் பக்கத்தில் வளர்ந்தவன். ஜல்லிக்கட்டில் முதலில் அவிழ்த்துவிடப்படும் கோயில் காளையை யாரும் பிடிக்க மாட்டார்கள். அது ஊர்ப் பொதுவுக்குப் பிள்ளை. அது இறந்தால் பந்தல் போட்டுக் கிடத்துவார்கள். கொம்பில் மஞ்சள், நெற்றியில் சந்தனம், கழுத்து நிறைய மாலை. சொந்தக்காரர்போல அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் துண்டும் வேட்டியும் கொண்டுவந்து போர்த்துவார்கள். பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். சிறு வயதில் அப்படி ஒரு காளையின் சாவுக்குப் போயிருந்தேன். பொழுது சாயத் தொடங்கியும் எடுக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பையனாக இருந்தபோது அந்தக் காளைக்குத் தண்ணீர் காட்டியவர். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மாலைகளை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் விரலை விட்டு உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இருபுறமும் பார்த்தார். பிறகுதான் உடைந்து அழுதார். அவர் முகம் பார்த்து முடித்த பின்னரே காளையை எடுத்தார்கள்.

மனிதருக்கும் நாம் இதைத்தானே செய்கிறோம். துபாயிலிருந்து மகன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறோம். கடைசியாக முகம் பார்க்கும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது என்பதில் நம் பக்கத்தில் இரண்டாவது பேச்சே கிடையாது. கருப்பாயி விஷயத்தில் அந்த உரிமை முதலில் உங்கள் மாமாவுடையது. திண்டுக்கல் என்ன தொலைவு? பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பூனைக்கு நீங்கள் செய்தது சரி, அவருக்குச் செய்தது சரியில்லை. ஒன்றை வைத்து மற்றதைச் சமன் செய்ய முடியாது என்பதால் இரண்டையும் பிரித்தே சொல்கிறேன். முகம் இனி இல்லை. நடந்ததைத் தெரிந்துகொள்வதும், புதைத்த இடத்துக்குப் போய் நிற்பதும் மிச்சம் இருக்கின்றன. அவற்றையாவது அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காலையில் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டு, போட வேண்டிய மாத்திரைகளைப் போட்ட பிறகு. டார்ச்சை எடுக்கும் நேரத்தில் சொன்னால் இரவு முழுக்கத் தூங்க மாட்டார். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும், முடிவு இருவரும் எடுத்தது. சுற்றி வளைக்காமல் முதல் வார்த்தையாகவே “கருப்பாயி இறந்துவிட்டது மாமா, நாங்கள்தான் ஊசி போட்டோம், உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். தூங்கவைத்தோம், சாமியிடம் போய்விட்டது என்ற பேச்செல்லாம் அவரை மறுபடி தேடத்தான் வைக்கும். டாக்டர்தான் போடச் சொன்னார் என்று அவர் மேல் தள்ளிவிட வேண்டாம்.

பிறகு அவர் கேட்பார். கத்தியதா என்று கேட்பார். கண் மூடியிருந்ததா என்று கேட்பார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். வழக்கமாக முதலில் ஒரு மயக்க ஊசி போட்டு உறங்கவைத்துவிடுவார்கள். அதன் பிறகு மயக்க மருந்தையே மிகை அளவில் ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். இறந்த பூனைக்குக் கண் தானாக மூடாது. சில சமயம் கடைசியில் ஓரிரு தடவை மூச்சை இழுப்பதுபோல உடம்பு அசையும். அப்போது நினைவு இருக்காது, வலியும் இருக்காது. இதை நீங்கள் பார்த்துப் பயந்திருக்கலாம் என்பதால் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

என்னை ஏன் கூப்பிடவில்லை என்றும் கேட்பார். அதற்குச் சமாதானம் தேடாதீர்கள். கூப்பிட்டிருக்க வேண்டும் மாமா என்பது மட்டும்தான் அதற்குப் பதில். சில நாட்கள் உங்களோடு பேசாமல் இருக்கலாம், நீங்கள் வைத்த சாப்பாட்டை ஒதுக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபம் நியாயமானது.

வாடிப்பட்டிக்குப் போக வேண்டும் என்றால் உடனே அழைத்துப் போங்கள். அவராகக் கேட்காமல் வற்புறுத்த வேண்டாம். அங்கே பால் தெளிக்க வேண்டும் என்று நினைத்தால் தெளிக்கட்டும். மீன் கொண்டுவந்து வைத்தாலும் வைக்கட்டும். பூனைக்குப் போய் இதெல்லாமா என்று உங்கள் அண்ணன் வீட்டில் யாரும் சிரித்துவிடாமல் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

குட்டி இப்போது வேண்டாம். நன்றாகக் கவனித்தால் வீட்டுப்பூனை 15 வருடம் இருக்கும், அதையும் தாண்டும். 81 வயதில் இருப்பவர் அந்தக் கணக்கைப் போடாமல் இருக்க மாட்டார். எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்ற கவலையோடு ஒரு குட்டியை அவர் மடியில் வைப்பது நியாயமில்லை. பின்னாளில் வேண்டும் என்று அவர் வாயால் வந்தால், உங்கள் மகனின் பூனையாக அது வரட்டும்.

அந்தப் பையனைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். தாத்தாவிடம் பொய் சொல்லவும் மனமில்லை, அம்மாவின் பேச்சை மீறவும் முடியவில்லை. அதனால் எழுந்து உள்ளே போகிறான். அவனிடம் முதலில் பேசுங்கள், தாத்தாவிடம் சொல்லப் போகிறோம் என்று. சொல்லும்போது அவனையும் உடன் உட்காரவையுங்கள். நீங்கள் விட்டுவிடும் ஏதாவது அவனுக்கு நினைவிருக்கும், தாத்தா அதை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அன்புடன்