கல்பாசி புண்ணை ஆற்றுமா?

கேள்வி: செட்டிநாட்டுக் குழம்பில் தாளிக்கும் கல்பாசிக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்கிறார்களே, அதன் சாற்றைப் புண்ணுக்கு இடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பெயரில் பாசி இருந்தாலும் கல்பாசி வெறும் பாசி அன்று, பூஞ்சையும் பாசியும் ஓருடலாகக் கூடி வாழும் லைக்கன் இனம். மிக மெதுவாக வளரும் லைக்கன்கள், வேறு உயிர்களில் அரிதாகவே காணப்படும் பல அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டது, மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் அஸ்னியா லைக்கன்களில் உள்ள அஸ்னிக் அமிலம். ஆய்வுக்கூடத் தட்டில் அது புண்ணில் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத ‘கிராம் பாசிட்டிவ்’ வகைப் பாக்டீரியாக்களை நன்கு அடக்குகிறது. ஆனால், கூடுதலாக ஒரு வெளிச்சவ்வைப் போர்த்திக்கொண்டிருக்கும் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா போன்றவற்றிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

தட்டில் கிருமியைக் கொல்வது வேறு, உடலில் நோயைக் குணமாக்குவது வேறு என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அஸ்னிக் அமிலம் கலந்த எடைக்குறைப்பு மாத்திரைகளை உண்டவர்களுக்குக் கல்லீரல் பழுதடைந்ததால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் எச்சரிக்கை விடுத்தது. மேலும், லைக்கன்கள் காற்றிலுள்ள ஈயம் முதலிய உலோகங்களையும் ஈர்த்துச் சேர்த்துவைப்பவை. குழம்பில் மணத்துக்காக இடும் சிறு துண்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் காய்ச்சிய சாற்றைத் திறந்த புண்ணில் இடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.