பளபளப்புக்கு 12,000 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: மகன் மதுரையில் இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிறான். இரண்டு வருடமாக அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறான். காலேஜ் பேண்டில் சேர்ந்துவிட்டதால் எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்கிறான். ராஜா பாட்டும் கொஞ்சம் ராக்கும் வாசிப்பார்களாம். ஆம்ப் உட்பட 40,000 ரூபாய்க்குள் முடிக்க நினைக்கிறேன். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் மாதிரி, செர்ரி சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகச் சிவப்பு), நல்ல பளபளப்பு, 34,000. இன்னொன்று ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் மாதிரி, மேட் கறுப்பு, 22,000. பளபளப்பானது நைட்ரோ ஃபினிஷ், வருஷம் ஆக ஆகச் சத்தம் திறக்கும், மேட்டில் மந்தமாகத்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். வாசித்துக் காட்டியபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மகனின் கிட்டார் மாஸ்டரும் அதையே சொல்லி, தான் பேசினால் 2,000 குறையும் என்கிறார். மகனுக்கும் சன்பர்ஸ்ட்தான் பிடித்திருக்கிறது. எதை வாங்குவது?
வாசகர், திருமங்கலம்

பதில்: மகனுக்கு சன்பர்ஸ்ட் பிடித்திருந்தால் அதில் தப்பே இல்லை. பிடித்த கிட்டாரைத்தான் பையன் தினமும் கையில் எடுப்பான். ஆனால் சத்தத்துக்காக என்று சொல்லி அந்தப் பளபளப்புக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்ததால் எந்த மாடும் கூடுதலாக உழுததில்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் மரத்திலிருந்து கிளம்பி உங்கள் காதுக்கு வருவதில்லை. கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடி கனத்தில் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, செம்புச் சுற்றில் துளி மின்சாரம் பிறக்கிறது, அதை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் தள்ளுகிறது. அவ்வளவுதான். இந்த வழியில் பெயின்ட் எங்கேயும் குறுக்கே நிற்பதில்லை. அகூஸ்டிக்கில் மேல் பலகையே அதிர்ந்து சத்தம் கொடுக்கிறது. அங்கே பூச்சு தடித்தால் சத்தத்தை அமுக்கும். அந்தக் கதையை அப்படியே தூக்கிவந்து எலெக்ட்ரிக் கிட்டாரின் மேல் ஒட்டவைத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் கடையில் உங்கள் காதுக்குத் தெரிந்த வித்தியாசம்? அது நிஜம்தான். லெஸ் பால் மாதிரியில் பெரும்பாலும் இரண்டு ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுற்று பிக்கப். ஸ்ட்ராட் மாதிரியில் மூன்று சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுற்று. ஹம்பக்கர் தடியாக, இருட்டாக, கொஞ்சம் சத்தம் கூடுதலாகப் பேசும். சிங்கிள் காயில் மெலிந்து கணீரென்று இருக்கும், கூடவே லேசான உறுமலும் வரும். மேட் கறுப்பு ஸ்ட்ராட்டில் பளபளவென்று பாலிஷ் போட்டாலும் அது ஸ்ட்ராட்டாகத்தான் கேட்கும். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இரண்டையும் ஒரே ஆம்ப்பில், ஒரே செட்டிங்கில் வாசித்துக் காட்டினார்களா? விலை கூடினதைப் பெரிய ஆம்ப்பில் மாட்டி, கொஞ்சம் ரிவர்ப் எதிரொலியும் ஏற்றி, கை தேர்ந்த பையன் ஒருவனை வாசிக்கவிடுவது, குறைந்ததை மூலையில் கிடக்கும் குட்டி ஆம்ப்பில் துருப்பிடித்த கம்பியோடு மாட்டுவது, இது ரொம்பப் பழைய வித்தை.

சரி, அந்த நைட்ரோ. ஏதோ வெளிநாட்டு மந்திரம் மாதிரி அதைச் சொல்கிறார்கள். மரச்சாமான் பட்டறையில் என்.சி. லேக்கர் என்பார்களே, அந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் குடும்பம்தான் இது. நெயில் பாலிஷிலும் அதுதான் இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் காருக்கும் மேஜைக்கும் அதைத்தான் அடித்தார்கள், கிட்டார் கம்பெனிகளும் அதையே வாங்கி அடித்தன. ஃபெண்டரின் பேர்பெற்ற ஃபியஸ்டா ரெட், 1956இல் ஃபோர்டு காருக்கு வந்த நிறம். 1960களின் கடைசியில் ஃபெண்டர் பிளாஸ்டிக் வகைப் பூச்சான பாலியெஸ்டருக்கு மாறிவிட்டது. சீக்கிரம் காயும், தடியாக நிற்கும், வேலை மிச்சம். கிப்ஸனோ இன்றுவரை நைட்ரோவை விடாமல் வைத்திருக்கிறது, அதன் விலையும் அதற்கேற்ற மாதிரிதான். நைட்ரோவை மெல்லிசாகப் பல கோட் அடித்து, நாள்கணக்கில் காயவைத்துத் தேய்க்க வேண்டும். 34,000 ரூபாய் புதுக் கிட்டாரில் அந்த வேலையைச் செய்து கட்டுப்படியாகாது. நீங்கள் பார்த்தது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டராகத்தான் இருக்கும். அதனால் குறை ஒன்றும் இல்லை, பொய்தான் குறை.

ஒருவேளை நிஜமாகவே நைட்ரோவாக இருந்தாலும் நம் ஊருக்கு அது தலைவலி. நாள் போகப்போக மஞ்சளிக்கும். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்து நேராக ஏசி அறைக்குள் கொண்டுபோனால் மேல்பூச்சு முடி முடியாக விரிசல் விடும். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் ரப்பர் பட்ட இடம் பிசுபிசுத்துப் போகும்.

சன்பர்ஸ்ட்டுக்குள் தெரியும் புலிக்கோடு மரத்தையும் பார்த்திருப்பீர்கள். விலை உயர்ந்த கிட்டாரில் அது தடியான மேப்பிள் பலகை. உங்கள் விலையில் தாள் கனத்தில் சீவி ஒட்டிய வெனீர். இன்னும் கீழே போனால் மர அச்சுப் படம். ஓரத்தில் கோடு மடங்கி இறங்குகிறதா, சட்டென்று நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கெட்டிப் பலகை, நின்றுவிட்டால் வெனீர் அல்லது அச்சு. வெனீர் என்றால் தள்ளிவிட வேண்டாம், பார்க்க அழகாகவே இருக்கும். கெட்டி மேப்பிள் என்று சொல்லி விற்றால் மட்டும் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். லெஸ் பால் 1952இல் தங்க நிறத்தில்தான் வந்தது. விற்பனை சரிந்ததால் 1958இல் சன்பர்ஸ்ட் கொண்டுவந்தார்கள். அன்றைக்கும் அது கண்ணுக்கு வைத்த வலைதான்.

இனி மாஸ்டர் விஷயம். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லா மாஸ்டரும் அப்படி இல்லை. ஆனால் மாணவனைக் கடைக்கு அனுப்பிவைக்கிற மாஸ்டருக்குக் கடையிலிருந்து ஏதாவது போகிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2,000 குறைத்தேன் என்பார்கள், எந்த விலையிலிருந்து குறைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கிட்டாரின் மாடல் பெயரை முழுதாக எழுதி வாங்கி, போனில் நாலு இடத்து விலையைப் பாருங்கள். மாடல் பெயரே சொல்ல மாட்டேன் என்றால், வேறென்ன சொல்ல. ‘பெல்ட், பை, பிக், ஆம்ப் எல்லாம் சேர்த்து காம்போ’ என்றால் அந்த ஆம்ப்பைத் தனியாக மாட்டிக் கேளுங்கள். பல காம்போவில் ஆம்ப் என்று வருவது வாண்டுகள் விளையாடும் டப்பா. ‘பில் இல்லாம வாங்கினா இன்னும் குறைச்சுக்கலாம் சார்’ என்றாலும் மயங்காதீர்கள். வாரண்டி என்கிற அட்டையைப் பில் இல்லாமல் நீட்டினால் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பில்லோடு நீட்டினாலும் ‘வெயிலால வந்த வளைவு சார், இதுல வராது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். நாற்பது டிகிரி அடிக்கிற ஊரில் கிட்டார் விற்பவர்கள் வெயிலை வாரண்டிக்கு வெளியே வைத்தால் வாரண்டிக்குள் என்னதான் இருக்கிறது?

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகவேண்டாம் என்பேன். 40,000க்கு ‘ஒரிஜினல் கிப்ஸன்’ என்று யாராவது கொண்டுவந்தால், தலைப்பகுதியில் இருக்கிற சின்னக் கறுப்பு மூடியைப் பாருங்கள். ஒரிஜினல் கிப்ஸன் லெஸ் பாலில் இரண்டு திருகுதான். மூன்று இருந்தால் போலி. இரண்டு இருந்துவிட்டதால் ஒரிஜினல் என்று ஆகிவிடாது, அதுவும் சொல்லிவிடுகிறேன்.

பூச்சு நிஜமாகவே வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், முதுகு. இடது கைப் பெருவிரல் பதிந்து மேலும் கீழும் ஓடுகிற இடம் அது. சித்திரை, வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலே உள்ளங்கை கசகசக்கிறது. பந்தல் மேடையில், லைட்டுக்கு நேராக நின்று வாசித்தால் கேட்கவே வேண்டாம். தடியான பளபளப்பு பூச்சில் அந்த வியர்வை பட்டதும் கை ஒட்டும், பிடித்த இடத்திலிருந்து நகராது. பாட்டு நடுவில் மேல் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாவும்போது கை ஒரு நொடி தாமதிக்கும். பையன் தன் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்வான். மேட் பூச்சில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே கடையில் மகனைக் கைகழுவாமல், வெயிலில் வந்த கையோடு நெக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் மேலும் கீழும் ஓட்டச் சொல்லுங்கள். ஏசி கடையாக இருந்தால் கொஞ்சம் வெளியே நின்றுவிட்டு வந்து பிடிக்கச் சொல்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். பளபளப்பு நெக் ஒட்டினாலும் வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி, நெக்கின் முதுகை மட்டும் நீளவாக்கில் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு இறங்கிக் கை வழுக்கும். விரல் வைக்கிற முன்பக்கத்தில் பேப்பர் படக்கூடாது. தேய்ப்பதற்கு இரும்பு நாரைத் தொடவே வேண்டாம், அதன் தூள் போய்ப் பிக்கப் காந்தத்தில் அப்பிக்கொள்ளும், பிறகு ரிப்பேருக்கு என்னிடம்தான் கொண்டுவருவீர்கள். ஒரு தடவை தேய்த்துவிட்டால் பளபளப்பு திரும்ப வராது, கடைக்காரர் மாற்றியும் தரமாட்டார், அதனால் மகன் கொஞ்ச நாள் வாசித்துப் பார்த்துவிட்டுச் செய்யட்டும். மேட் நெக் சில வருடத்தில் பெருவிரல் பட்ட இடம் மட்டும் மின்ன ஆரம்பிக்கும். அது பழுது இல்லை.

லெஸ் பால் மாதிரியில் இன்னொரு சங்கதி. அதன் தலைப்பகுதி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், கிப்ஸனில் 17 டிகிரி. அந்த வளைவில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்படுவதால் அங்கேதான் பலவீனம். ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால், பஸ்ஸில் சீட்டுக்கு மேலே வைத்து யாராவது டிரங்குப் பெட்டியை அதன்மேல் தள்ளினால், கழுத்தோடு முறியும். என் மேஜைக்கு வருகிற முறிவுகளில் பெரும்பாலானவை இந்த இடம்தான். மகன் தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவான் என்றால் துணிப்பை போதாது, கெட்டிப் பெட்டி வேண்டும். கனமும் கூட, நாலு கிலோவுக்கு மேல் போவது சாதாரணம். ஸ்ட்ராட் மாதிரியின் தலை நேராக இருக்கும், விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும்.

கடையில் சத்தத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கைவேலை. நெக்கின் இரண்டு ஓரத்திலும் விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை குத்தினால், மரம் வறண்டு சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியாக அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள், எங்காவது ஜிர்ரென்று இரைகிறதா என்று கேளுங்கள். போனில் டியூனர் ஆப் போட்டு, திறந்த கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்தபின் அதே கம்பியை 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே சரியாகக் காட்ட வேண்டும். லேசாக விலகினால் செட்டப்பில் சரியாகும், அதைக் கடைக்காரர் இலவசமாகச் செய்துதர வேண்டும் என்று பில் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இப்போது கணக்கு. 34,000 கிட்டாருக்குப் போனால் ஆம்ப்புக்கு 6,000தான் மிச்சம். அந்தத் தொகைக்கு வருகிற ஆம்ப்பில் எந்தக் கிட்டாரும் டிரான்சிஸ்டர் ரேடியோவாகக் கேட்கும். 22,000 கிட்டார் எடுத்து, 11,000, 12,000க்கு ஆம்ப் வாங்கி, மிச்சத்தில் பெட்டி, கேபிள், நல்ல கம்பி செட் எடுத்தால் பேண்டில் மகனின் கிட்டார்தான் நன்றாகக் கேட்கும். சன்பர்ஸ்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஸ்ட்ராட் வடிவத்திலேயே சன்பர்ஸ்ட் இந்த விலைக்குப் பக்கத்தில் வருகிறது. கேட்டுப் பாருங்கள். அதிலும் எச்.எஸ்.எஸ். என்று ஒரு வகை உண்டு. பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பிகள் உடலில் முடிகிற பக்கம், ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். ராஜா பாட்டுக்கும் ராக்குக்கும் ஒரே கிட்டார் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான் சரி. விரல் பலகை ஈட்டி மரமா கருமருது மரமா என்பதையெல்லாம் இந்த விலையில் தூக்கிப்போடுங்கள்.

வாங்கிவந்து மாட்டியதும் ஆம்ப் உறுமினால் கிட்டாரைத் திட்டாதீர்கள். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூணு ஓட்டை இருக்கும், மேல் ஓட்டையில் வயரே இருக்காது. காலேஜ் விழா மேடைகளில் அதைவிட மோசம், மூணாவது பின்னை ஒடித்துவிட்டு ஜங்ஷன் பாக்ஸில் சொருகுகிறார்கள், கேட்டால் ‘எல்லாம் ஓடுதுல்ல தம்பி’ என்கிறார்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் ஷாக் அடிக்கும். விளையாட்டில்லை, உயிர் போகும். மைக் செட்காரரிடம் ஒரு டெஸ்டர் விளக்கு கேட்டு எர்த்தைப் பார்த்துவிட்டுத்தான் மேடையில் ஏற வேண்டும் என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.

மற்றபடி பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். மாஸ்டருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மனதில் தோன்றினால், இந்த மாத ஃபீஸோடு சேர்த்து அவர் கையிலேயே நேராகக் கொடுத்துவிடுங்கள்.