ஏசி 128 இன்னும் கிடைக்குமா? பழைய ரேடியோ போர்டு கேள்வி பதில்

1960, 70-களின் டிரான்சிஸ்டர் ரேடியோக்களை மறுபடி பாட வைக்கப் பாடுபடும் நண்பர்கள் கேட்டவை.

கேள்வி (சேலம்): ஐயா, அப்பாவின் ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் (ஜெர்மானியம் வகை ஏசி 128) இரண்டில் ஒன்று போய்விட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்காத எலக்ட்ரானிக்ஸ் கடையில்லை. "அதெல்லாம் எப்பவோ போச்சு சார்" என்கிறார்கள்.

பதில்: புதுச் சரக்கு விற்கும் கடையில் வேறு பதில் வராது. உங்கள் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து மூடியவர் யார் என்று விசாரியுங்கள். பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை இங்கேயே தயாரித்த காலத்தில் தொழில் செய்தவர்கள் அவர்கள். பரணில் இருக்கும் பிஸ்கட் டின்னில் நாலைந்தாவது கிடக்கும். ஏசி 188 இருந்தாலும் வாங்கிவிடுங்கள், அந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும்.

ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள். கெயின் (பெருக்கும் திறன்) நெருங்கிய ஜோடியாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் கெயின் சாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மானியத்தில் லீக்கேஜ் (மின்கசிவு) இருந்தால் கெயின் கூடுதலாகக் காட்டும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸை எதிலும் இணைக்காமல் விட்டு, மற்ற இரண்டான கலெக்டர்–எமிட்டர் நடுவே லீக்கேஜைத் தனியாகப் பாருங்கள். சூடு இதற்கு ஆகவே ஆகாது. பற்றவைக்கும்போது காலைக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): ஜெர்மானியத்துக்குப் பதில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டால் என்ன அண்ணா?

பதில்: அப்படியே போட்டால் பாட்டு கரகரக்கும். ஜெர்மானியத்தின் பேஸுக்கு 0.2 வோல்ட் அளவில் போதும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். பேஸுக்கு அந்த வோல்டேஜைத் தரும் பயாஸ் ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டிவரும். ஒரிஜினல் சர்க்யூட்டைக் கலைக்க எனக்கு மனசு வராது. ரஷ்யப் பழைய ஸ்டாக் ஆன்லைனில் வருகிறது. பிஎன்பி வகையான ஏசி 128-க்கு ஜிடி 402, அதற்கு எதிர்த் துருவமான என்பிஎன் வகை ஏசி 127 இருந்த இடத்துக்கு ஜிடி 404 தேடிப் பாருங்கள். எம்பி 39 முதல் 42 வரை அவுட்புட்டுக்கு முந்தைய டிரைவர் டிரான்சிஸ்டருக்குச் சரி, அவுட்புட்டுக்குத் தாங்காது.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஏஎஃப் 117 டிரான்சிஸ்டர் போட்ட செட். தட்டினால் பாடுது, பிறகு நின்று போகுது.

பதில்: இது அந்த வகையின் பிறவி நோய். டின் உறைக்குள்ளே முடி போல வெள்ளீய இழை வளர்ந்து உள்ளேயிருக்கும் கால்களைத் தொடுகிறது. பயன்படுத்தாத பழைய ஸ்டாக்கிலும் இழை வளரும், அதனால் புதிதாக ஏஎஃப் 117 தேடி அலையாதீர்கள். உறையோடு இணைந்த நாலாவது காலான ஷீல்டை போர்டிலிருந்து வெட்டிப் பாருங்கள். ஒரேயொரு இழைதான் தொட்டிருந்தால் செட் உடனே பாடும். இரண்டு கால்களைத் தொட்டிருந்தால் உறை வழியாகவே ஷார்ட் ஆகும், அப்போது ஏஎஃப் 127 போடுவதுதான் வழி.

கேள்வி (மதுரை): பிசி 148 (சிலிக்கான் டிரான்சிஸ்டர்) வேண்டும்.

பதில்: பிசி 548 போடுங்கள். கால் வரிசை மட்டும் வேறு, டேட்டாஷீட் பார்த்து வளைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): ஐஎஃப்டி (ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர் காயில்) கோர் உடைந்துவிட்டது. புதிது கிடைக்கிறதா?

பதில்: மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப்டி இப்போதும் கிடைக்கிறது. சிவப்பு வாங்கிவிடாதீர்கள், அது ஆசிலேட்டர் காயில். ஆனால் பழைய போர்டின் ஓட்டையில் புதியது உட்காராது, காயிலின் சுற்றும் ஒத்துப்போகாது. அதே மாடல் செத்த செட் ஒன்றை ஆக்கர் (பழைய சாமான்) கடையில் எடைக்கு வாங்குங்கள். ஐஎஃப்டி, கேங் (ஸ்டேஷன் திருப்பும் கன்டென்சர்), பேண்ட் சுவிட்ச், டயல் கயிற்றுச் சக்கரம் இவற்றுக்கெல்லாம் மாற்றே கிடையாது. செத்த செட்டைத் தூக்கிப் போடுபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

கேள்வி (கரூர்): ஆன்லைனில் வாங்கியது போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். மேலே புதிதாக அடித்த எழுத்து பெரும்பாலும் கரைந்து வரும். நாற்பது வருஷச் சரக்கு என்று சொல்லி, கால்கள் பளபளவென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஜெர்மானியமா என்பதற்கு மீட்டரின் டயோடு டெஸ்ட் போதும்: 0.2, 0.3 என்று வர வேண்டும். 0.6 காட்டினால் உறைக்குள் இருப்பது சிலிக்கான். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (சேலம் நண்பரே மீண்டும்): எலக்ட்ரோலைட்டிக் கன்டென்சர் மாற்றினேன், சூடாகிறது.

பதில்: உங்கள் செட் பிஎன்பி. அந்தக் காலத்தில் பல செட்டில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். பழக்கத்தில் கன்டென்சரின் நெகட்டிவ் காலைக் கிரவுண்டில் வைத்திருப்பீர்கள். உடனே கழற்றுங்கள், வேறு புதியதை, பாசிட்டிவ் கால் கிரவுண்டில் வருமாறு போடுங்கள்.