‘ஒரு மாசம்தானே தடை!’

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். நீளம் தாண்டுதலில் பல்கலைக்கழக அணியில் இருக்கிறான். அடுத்து தேசியப் போட்டிக்குத் தயாராகிறான். அவன் நண்பர்களோடு சேர்ந்து கஞ்சா புகைக்கிறான் என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், “அமெரிக்காவில் ஷகாரி ரிச்சர்ட்சனே மாட்டினாங்க. ஒரு மாசம்தான் தடை. அப்புறம் உலக சாம்பியன் ஆகலையா? என்.பி.ஏ.வில் இப்போ சோதனையே கிடையாது. போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி நிறுத்திட்டா போதும்க்கா” என்கிறான். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கோச்சிடம் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தம்பி சொன்ன செய்திகள் பொய்யில்லை. ஆனால் தனக்கு வேண்டிய இடத்தில் படிப்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறான். அவன் விட்ட இடத்திலிருந்து நாம் படிப்போம்.

2021 ஜூன் 19. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. 100 மீட்டர் இறுதியில் ஓட்ட வீராங்கனை ரிச்சர்ட்சன் 10.86 நொடியில் முதலாவதாக வந்தார். அப்போது வயது 21. தன்னைப் பெற்ற தாய் இறந்துபோன செய்தியை, பேட்டி எடுக்க வந்த ஒரு நிருபர் சொல்லித்தான் தெரிந்துகொண்டதாகவும், அந்த வேதனையில் புகைத்ததாகவும் பிறகு அவரே சொன்னார். ஓரிகனில் 21 வயதானவர்கள் கஞ்சா புகைப்பது குற்றமில்லை. ஆனால் ஓட்டம் முடிந்ததும் எடுத்த சிறுநீர் மாதிரியில் அது தெரிந்துவிட்டது. ஜூன் 28 முதல் ஒரு மாதத் தடை.

இப்போது காலண்டரைப் பாருங்கள். டோக்கியோவில் பெண்கள் 100 மீட்டர் முதல் சுற்று ஜூலை 30 அன்று. அதற்குள் தடை முடிந்தே விட்டது. அப்படியென்றால் ஏன் ஓடவில்லை? தடையோடு சேர்த்து, அன்றைய போட்டியில் அவர் எடுத்த இடத்தையும் அழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் பழைய சாதனையைப் பார்த்து யாரையும் அனுப்ப மாட்டார்கள். தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குத்தான் டிக்கெட். நான்காவதாக வந்த ஜென்னா பிராண்டினி அந்த இடத்துக்கு ஏறினார். தொடர் ஓட்ட அணியிலாவது சேர்ப்பார்கள் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை.

நீளம் தாண்டுதலிலேயே ஒருவர் இருக்கிறார், தம்பிக்குச் சொல்லுங்கள். டாரா டேவிஸ் வுட்ஹால், 2023-ல் அமெரிக்க உள்ளரங்கப் போட்டியில் முதலிடம் பிடித்தார். சோதனையில் கஞ்சா தெரிந்தது. அவருக்கும் ஒரு மாதம்தான் தடை, ஆனால் பட்டம் போய்விட்டது. அடுத்த ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், உண்மைதான். ரிச்சர்ட்சனும் 2023-ல் புடாபெஸ்டில் 10.65 நொடியில் உலக சாம்பியன் ஆனார். இவர்கள் இருவருக்கும் திரும்பி வர ஒரு பாதை திறந்தே இருந்தது. உங்கள் தம்பிக்கு ஒரு தேசியப் போட்டியின் சான்றிதழ் ரத்தானால் அதோடு என்னவெல்லாம் போகும் என்று உங்களுக்கே தெரியும். ரயில்வே, போலீஸ், சர்வீசஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் எல்லாமே.

அந்த ‘ஒரு மாதமும்’ தானாக வருவதில்லை. 2021-ல் நடைமுறைக்கு வந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, கஞ்சாவுக்குத் தண்டனை மூன்று மாதம். அதுவும், போட்டி நேரத்துக்கு வெளியே பயன்படுத்தியது, ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வீரரே நிரூபித்தால்தான். அதன்பின் சிகிச்சைத் திட்டம் ஒன்றை முடித்தால் ஒரு மாதமாகக் குறையும். போட்டி நேரம் என்பது முந்தைய நாள் இரவு 11.59-க்கே ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு புகைத்தது என்று ஆகிவிட்டால் தடை இரண்டு ஆண்டு வரைகூடப் போகலாம்.

‘ஒரு வாரம் முன்னாடி நிறுத்திட்டா போதும்’ என்பதற்கு வருகிறேன். இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. முன்பு ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 15 நானோகிராம் தாண்டினாலே குற்றம். 2013-ல் அதை 150 ஆக்கினார்கள். விடுமுறையில் எப்போதோ புகைத்தவன் மாட்டக் கூடாது, போட்டியை ஒட்டிப் புகைத்தவன்தான் மாட்ட வேண்டும் என்பது எண்ணம். ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்வது. சாராயம் மாதிரி மறுநாளே இறங்கிவிடாது. எப்போதாவது புகைக்கிறவருக்குச் சில நாளில் குறையும். தினமும் புகைக்கிறவருக்குச் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். தம்பி எவ்வளவு புகைக்கிறான், அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று அவனுக்கே தெரியாது. செயற்கைக் கஞ்சா ஏதாவது கலந்திருந்தால் இந்த 150 கணக்கே செல்லாது, சிறு தடயம் இருந்தாலும் குற்றம்தான். ‘நம்ம ஊர் மீட்டுக்கெல்லாம் யார் வரப்போறாங்க’ என்றும் இருந்துவிடக் கூடாது. 2023-ல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா (நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு ஒரே ஒரு பையன்தான் கோட்டில் வந்து நின்றான்!

என்.பி.ஏ. விஷயம் வேறு. அது அமெரிக்காவின் தனியார் கூடைப்பந்து லீக். வீரர்கள் சங்கமும் முதலாளிகளும் பேசி 2023 ஒப்பந்தத்தில் கஞ்சா சோதனையை எடுத்துவிட்டார்கள். அதே கூடைப்பந்து வீரர் ஒலிம்பிக்குக்குப் போனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப்பட்டியல்தான் அவருக்கும். தம்பி ஆடுவது தடகளம், முதல் நாளிலிருந்தே அந்தப் பட்டியலுக்குக் கீழேதான் இருக்கிறான்.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், எனக்கு முழு உடன்பாடு இல்லை. கஞ்சா புகைத்தால் வேகமாக ஓடலாம் என்று யாரும் நம்பும்படி நிரூபிக்கவில்லை. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ராஸ் ரெபாக்லியாட்டி ஸ்னோபோர்டில் தங்கம் வாங்கி, கஞ்சா தெரிந்ததால் பறிகொடுத்து, மேல்முறையீட்டில் திரும்பப் பெற்றார். ஒலிம்பிக்கில் அப்போது கஞ்சாவுக்குத் தெளிவான தடையே இல்லை! தெளிவான தடை வந்தது அந்த அவமானத்துக்குப் பிறகுதான். ரிச்சர்ட்சன் விவகாரத்தில் கூச்சல் எழுந்ததும் வாடா மறுபரிசீலனை செய்தது. உடல்நலத்துக்குக் கேடு, விளையாட்டின் பண்புக்கு எதிரானது என்று சொல்லி 2022-ல் அப்படியே வைத்துக்கொண்டது. ‘விளையாட்டின் பண்பு’ என்பதை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். மதுவையோ 2018-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டாஸ்மாக்கில் உட்கார்ந்துவிட்டு வந்து தாண்டினால் வாடாவுக்குப் புகார் இல்லை. இதையெல்லாம் தம்பி சொன்னால் மறுக்காதீர்கள், “சரிதான்டா” என்று ஒத்துக்கொள்ளுங்கள். வாதத்தில் அவன் ஜெயித்தாலும் சோதனையில் தோற்கத்தான் போகிறான்.

அவன் சொல்லாமல் விட்டது நம் ஊர்ச் சட்டத்தை. யூஜீனில் புகைத்தது குற்றமில்லை, கோவையில் குற்றம். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சா புகைத்தாலே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வைத்திருந்தால், கைமாற்றிக் கொடுத்தால் பிரிவுகள் வேறு. நண்பனுக்காக வாங்கி வந்தேன் என்று சொல்லி மாட்டுகிற பிள்ளைகள்தான் அதிகம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாங்கு, அதாவது வெறும் இலை, அந்தச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வராது. நாளை பாட்டியாலாவில் தேசியப் பயிற்சி முகாமுக்குப் போய், ஹோலியன்று யாராவது பாங்கு கலந்த தண்டாய் என்ற பால் பானத்தை நீட்டினால் அந்தச் சட்டம் சும்மா இருக்கும், சிறுநீர் சோதனை சும்மா இருக்காது. கஞ்சாச் செடிக்கு ஆயுர்வேதத்தில் ‘விஜயா’ என்று பெயர்; கடையில் அந்தப் பெயரில் விற்கும் எண்ணெய்களையும் தொடாமல் இருப்பது நல்லது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கோச்சிடம் நீங்கள் போகாதீர்கள். உங்கள் மூலமாகப் போனால் அது புகார். அவனே போய்ச் சொன்னால் உதவி கேட்பது. முதலில் அவனிடம் எதற்காகப் புகைக்கிறான் என்று கேளுங்கள், திட்டாமல். நீளம் தாண்டுகிறவர்களுக்குக் கணுக்காலும் தொடைத் தசையும் ஓயாமல் வலிக்கும். வலிக்காகவா, தூக்கம் வரவில்லையா, போட்டி பயமா, அல்லது அறையில் எல்லோரும் பிடிக்கிறார்கள் என்பதாலா? வலி என்றால் பிசியோவிடம் போகட்டும். தூக்கமும் பயமும் என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் கஞ்சா அதைக் கிளப்பிவிடும் ஆபத்து உண்டு. அறை நண்பர்கள்தான் காரணம் என்றால் அறை மாற்றுவது மருந்தைவிட வேகமாக வேலை செய்யும். வார்டனிடம் “தூங்க முடியவில்லை” என்று சொன்னாலே போதும்.

அப்பாவிடம் இப்போதைக்கு வேண்டாம். நிறுத்துகிறேன் என்று சொன்னால், தேசியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி வரை அவகாசம் கொடுங்கள். அதற்குள் நிறுத்தவில்லை என்றால் இந்த முறை அவன் பெயர் கொடுக்கக் கூடாது என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். காயம் என்று சொல்லி ஒரு போட்டியை விடுவது யாருக்கும் புதிதில்லை. அப்போதும் கேட்கவில்லை என்றால் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் முந்தைய நாளே அவனிடம் “நாளைக்குச் சொல்லப்போறேன்” என்று சொல்லிவிட்டு.